தரையிறங்கும் நேரத்தில் பறவை மோதினால் விமானி ஏன் மேலே ஏறுவதில்லை?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. விமானம் ஓடுபாதையை நெருங்கிவிட்டது. சக்கரம் தரையைத் தொடச் சில வினாடிகள்தான் இருந்தன. அப்போது 'டொப்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் உள்ளே கருகிய இறைச்சி வாடை. விமானம் நேராக இறங்கி நின்றது. பறவை மோதிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஜன்னலோரம் இருந்த உங்கள் கண்ணுக்கே அந்தப் பறவைக் கூட்டம் பட்டது என்றால், முன்னால் இருக்கும் விமானி அதற்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் மேலே ஏறித் தப்பிக்காமல் கூட்டத்துக்குள்ளேயே ஓட்டிச் சென்றது பொறுப்பற்ற செயல் இல்லையா? அதே விமானத்தில் திரும்பிப் போகக் காத்திருந்தவர்களின் பயணத்தை ஏன் ரத்து செய்தார்கள்?

பொறுப்பற்ற செயல் இல்லை. அந்த இடத்தில், அந்த உயரத்தில் அவர் செய்ததுதான் சரி. ரத்து செய்ததும் சரி.

நான் விமானி இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் விமானப் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்தேன். பெரும்பாலும் போயிங் 737 விமானங்கள். விமானிகள் கொண்டுவந்து நிறுத்திய எஞ்சினை டார்ச் வெளிச்சத்தில் திறந்து பார்த்து, விசிறித் தகடுகளுக்கு இடையே ஒட்டியிருந்த இறகையும் இரத்தத்தையும் துடைத்து எடுத்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தவை எல்லாம் அந்தத் தகடுகள் சொல்லிக் கொடுத்தவை.

'ஏன் மேலே ஏறவில்லை' என்ற கேள்விக்கு, ஏறியபோது என்ன நடந்தது என்பதிலிருந்து பதில் சொல்கிறேன்.

2008 நவம்பர் 10, காலை எட்டு மணிக்குச் சற்று முன். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் விமான நிலையத்திலிருந்து ரையன்ஏர் நிறுவனத்தின் போயிங் 737-800 விமானம் ரோம் நகரின் சம்பீனோ விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. 166 பயணிகள், 6 ஊழியர்கள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஓடுபாதை கண்முன்னே. திடீரென்று முன்னால் ஒரு கரும்படலம் எழுந்தது. ஸ்டார்லிங் பறவைக் கூட்டம். நம்மூர் மைனாவுக்குப் பங்காளி. குளிர்காலத்தில் நம் வயல்களுக்கு வரும் சூறைக்குருவியும் இதே குடும்பம்தான். ஒரு பறவை எண்பது கிராம் சொச்சம் இருக்கும். ரோம் நகரில் குளிர்காலம் முழுவதும் இவை இலட்சக்கணக்கில் வந்து மரங்களில் அடைகின்றன. காலையில் ஒரே வீச்சில் எழுந்து ஊருக்கு வெளியே இரை தேடப் போகும், மாலையில் அதே போலத் திரும்பும்.

கேப்டன் இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏற முடிவு செய்தார். விமானிகள் இதை 'கோ-அரவுண்ட்' என்கிறார்கள்: எஞ்சினுக்கு முழு விசை கொடு, மூக்கைத் தூக்கு, சுற்றி வந்து மறுபடி இறங்கு. முடிவெடுத்தபோது தரையைத் தொட ஏறத்தாழ 7 வினாடிகள் இருந்தன. விசை கூடத் தொடங்கும் அதே கணத்தில் இரண்டு எஞ்சின்களும் பறவைகளை விழுங்கின. இரண்டும் விசையை இழந்தன. மூக்கைத் தூக்கிய நிலையில், ஏறவும் வலுவில்லாமல், ஒழுங்காக இறங்கவும் நேரமில்லாமல் விமானம் ஓடுபாதையில் விழுந்தது போல இறங்கியது. வால் பகுதி தரையில் இடித்தது. இடப்பக்கச் சக்கரத் தொகுதி முறிந்தது. இடது எஞ்சின் ஓடுபாதையில் உரசிக்கொண்டே போய் நின்றது. உயிரிழப்பு இல்லை, பத்துப் பேர் அளவில் காயம். விமானம் அதன் பிறகு பறக்கவே இல்லை.

இத்தாலியின் விமானப் பாதுகாப்பு விசாரணை முகமை இதை நீண்ட காலம் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. விபத்துக்குத் துணைபோன காரணங்களில், விமான நிலையத்தின் பறவை விரட்டும் ஏற்பாடுகள் போதாமல் இருந்ததையும், தரையைத் தொட 7 வினாடி இருக்கையில் மேலே ஏற எடுத்த முடிவையும் அது குறிப்பிட்டது. ஆனால் அந்தக் கேப்டனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அறிக்கை நின்றுவிடவில்லை. இறங்கும் கட்டத்தில் பறவை மோதினால் என்ன செய்ய வேண்டும் என்று விமானிகளுக்கு அன்று தெளிவான அறிவுரை இருக்கவில்லை. திடுக்கிட்டுப் போகும் கணத்தைக் கையாளத் தனிப் பயிற்சியும் இருக்கவில்லை. இந்த இரண்டும் அந்த முடிவை வெகுவாகப் பாதித்தன என்று அது பதிவு செய்தது.

அந்த வரிகளை நான் மதிக்கிறேன். ஏனென்றால் விமானிகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஊட்டப்படும் பாடமே 'சந்தேகம் வந்தால் மேலே ஏறு' என்பதுதான். ஓடுபாதையில் வண்டி நிற்கிறதா, ஏறு. காற்று திடீரென்று மாறுகிறதா, ஏறு. வேகம் கூடுதலாக இருக்கிறதா, ஏறு. இவை எல்லாவற்றிலும் அது உயிர் காக்கும் பாடம். மேலே வானத்தில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது. பறவைக் கூட்டம் ஒன்றில் மட்டும் அந்தப் பாடம் புரண்டுவிடுகிறது. ஏனென்றால் மேலே ஏறுவதற்கு எது தேவையோ அந்த எஞ்சினைத்தான் பறவை அடிக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

ஜெட் எஞ்சினின் முகப்பில் நீங்கள் பார்க்கும் பெரிய விசிறி இழுக்கும் காற்று முழுவதும் நெருப்புக்குப் போவதில்லை. 737-800 விமானத்தில் இருக்கும் எஞ்சினில் ஆறில் ஐந்து பங்கு காற்று, நடுக்கருவைத் தொடாமல் வெளிச்சுற்று வழியாகப் பின்னால் தள்ளப்படுகிறது. மீதிப் பங்குதான் நடுவே நுழைந்து, கம்ப்ரசரில் அடுக்கடுக்காக நெருக்கப்பட்டு, எரிபொருளோடு சேர்ந்து எரிந்து, அந்த விசிறியையே சுழற்றும் ஆற்றலைத் தருகிறது. விசிறித் தகடுகள் முரட்டுத்தனமானவை. அந்த எஞ்சினில் 24 தகடுகள், டைட்டானியத்தில் செய்தவை. மைனா அளவுப் பறவை ஒன்று பட்டால் பல நேரங்களில் கறை மட்டும்தான் இருக்கும். உள்ளே இருக்கும் கம்ப்ரசர் தகடுகள் அப்படியில்லை. பின்னால் போகப் போக விரல் நீளத்துக்குச் சிறுத்துவிடும். ஒவ்வொரு தகட்டின் மீதும் காற்று சரியான கோணத்தில் படிந்து போனால்தான் அந்த அடுக்கு முழுவதும் வேலை செய்யும். ஒரு வரிசையில் நாலு தகடு வளைந்தாலும், இறைச்சியும் இறகும் அடைத்துக்கொண்டாலும், நெருக்கப்பட்ட காற்று முன்னோக்கித் திமிறிக்கொண்டு வரும். 'டமார் டமார்' என்று வெடிச்சத்தம், சில நேரம் முன்னும் பின்னும் தீ நாக்கு. சர்ஜ் என்பது இதன் பெயர்.

புறப்படும்போது விசிறி நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் கீழே சுழலும். அந்த வேகத்தில் உள்ளே வரும் பறவையைத் துண்டாக்கி வெளிச்சுற்றுக்கு எறிந்துவிடும், தயிர் கடையும்போது விளிம்புக்குத் தெறிப்பது போல. இறங்கும்போது விசிறி அதைவிட வெகு நிதானமாகச் சுழல்கிறது. அப்போது பறவை தகட்டுக்கு இடையில் புகுந்து நடுக்கருவுக்குள் போய்விடும் வாய்ப்பு கூடுகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. இறங்கும் விமானத்துக்கு அந்த எஞ்சினிடமிருந்து அதிகம் தேவையே இல்லை. உயரத்தையும் வேகத்தையும் செலவழித்துக்கொண்டே வருகிறது. ஓடுபாதை எட்டும் தூரத்தில் இருக்கும்போது அடிபட்ட எஞ்சின் முக்கி முனகிக்கொண்டு குறைந்த விசையில் ஓடினாலே போதும். முற்றிலும் நின்றுபோனாலும் பல நேரங்களில் விமானம் தரையைத் தொட்டுவிடும். அதே எஞ்சினை, உள்ளே இறைச்சி அடைத்திருக்கும் நேரத்தில், முழு விசைக்கு ஓடு என்று விரட்டினால்? நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்கே மிகக் குறைந்த விசையிலிருந்து ஏறக்குறைய முழு விசைக்கு எழ 5 வினாடி வரை தரச்சான்று விதிகள் இடம் கொடுக்கின்றன. சம்பீனோவில் மிச்சம் இருந்தது 7 வினாடி.

போயிங் நிறுவனம் விமானிகளுக்குச் சொல்லும் அறிவுரை இதனால்தான் மிகத் தெளிவாக இருக்கிறது: இறங்கிவிட முடியும் என்ற நிலை இருந்தால் இறங்குவதையே தொடருங்கள், இன்னும் பறவைகள் எதிர்ப்பட்டாலும் கூட்டத்தின் ஊடாகவே பறந்து இறங்குங்கள், எஞ்சின் விசையை முடிந்த அளவு குறைவாக வைத்திருங்கள், பறவையைத் தவிர்க்க விமானத்தை இப்படி அப்படித் திருப்பாதீர்கள். எஞ்சினுக்குள் பறவை போயிருக்கும் என்ற ஐயம் இருந்தால், தரையில் ஓடும்போது வேகத்தைக் குறைக்க எஞ்சின் தரும் எதிர்விசையைக் கூட நிறுத்துவதற்குத் தேவையான அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள். நீங்கள் பயணம் செய்த விமானம் எந்த நிறுவனம் செய்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் விமானி செய்தது வரிக்கு வரி இதுதான்.

மோதலின் பலமும் இறங்கும்போது குறைவு. கணக்குப் போட்டே பார்க்கலாம். இறங்கும் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 800 கிராம் எடையுள்ள கரும்பருந்து ஒன்று அந்த வேகத்தில் மோதினால், 50 கிலோ சிமென்ட் மூட்டையை முதல் மாடியிலிருந்து போட்டால் விழும் அடி. பயங்கரமானதுதான். ஆனால் விமானம் மேலேறும்போது மணிக்கு 460 கிலோமீட்டர் வேகம் எடுத்த பிறகு அதே பருந்து மோதினால் அடி மும்மடங்குக்கு மேல். வேகம் இரு மடங்கானால் அடி நான்கு மடங்காகும் கணக்கு இது.

அமெரிக்காவில் பதிவான மோதல்களில் சுமார் 61 சதவீதம் இறங்கும் கட்டங்களில் நடந்தவை. புறப்பட்டு ஏறும்போது 36 சதவீதம். ஆனாலும் பறவைகளால் நடந்த பெரிய விபத்துகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை புறப்படும்போது நடந்தவையே. 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டனில் ஸ்டார்லிங் கூட்டத்தில் சிக்கிய ஈஸ்டர்ன் நிறுவனத்தின் எலக்ட்ரா விமானத்தில் 72 பேரில் 62 பேர் இறந்தார்கள். 1988 செப்டம்பர் 15 அன்று எத்தியோப்பியாவின் பஹிர் தார் நகரில் புறாக் கூட்டம். 104 பேரில் 35 பேர் இறந்தார்கள். 2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏர்பஸ்ஸும், 2019 ஆகஸ்டில் மாஸ்கோ அருகே சோளக்காட்டில் இறங்கிய ஏர்பஸ்ஸும் மேலே ஏறிக்கொண்டிருந்தவை. அந்த இரண்டிலும் எல்லோரும் பிழைத்தார்கள். இறங்கும்போது மோதல் அதிகம் நடந்தும் சாவு குறைவாக இருப்பதற்குக் காரணம், அந்த நேரத்தில் விமானத்துக்கு எஞ்சினைவிட ஓடுபாதைதான் முக்கியம். ஓடுபாதையோ கண்முன்னே இருக்கிறது.

இந்த வரிசையில் சேராமல் தனியாக நிற்பது முவான்.

தென் கொரியாவின் முவான் விமான நிலையம், 2024 டிசம்பர் 29. பாங்காக்கிலிருந்து வந்த ஜேஜு ஏர் 737-800. 181 பேர். காலை 8:57 மணிக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் பறவைகள் இருப்பதாக எச்சரித்தது. 8:58 மணியளவில் விமானத்துக்குக் கீழே பறவைகள் இருப்பதை விமானிகள் பேசிக்கொண்டார்கள். 498 அடி உயரத்தில் விமானம் இருந்தபோது விமானத் தரவுப் பதிவும் குரல் பதிவும் ஒன்றாக நின்றுவிட்டன. ஆறு வினாடி கழித்து, கோ-அரவுண்ட் செய்யும்போது பறவை மோதியதாகச் சொல்லி 'மேடே' என்ற ஆபத்து அழைப்பு வந்தது. அதன் பிறகு விமானம் திரும்பி, ஓடுபாதையின் எதிர்முனையிலிருந்து, சக்கரங்கள் இறங்காமல் வயிற்றால் தரையில் இறங்கியது. நிற்கவில்லை. ஓடுபாதையைத் தாண்டி, இறங்கும் விமானத்துக்கு வழிகாட்டும் ஆன்டெனாவைத் தாங்கியிருந்த, உள்ளே கான்கிரீட் வைத்துக் கட்டிய மண்மேட்டில் மோதியது. 179 பேர் இறந்தார்கள். வால் பக்கம் இருந்த இரண்டு ஊழியர்கள் மட்டும் பிழைத்தார்கள்.

இரண்டு எஞ்சின்களிலும் இறகும் இரத்தமும் கிடைத்தன. மரபணுச் சோதனையில் பைகால் கிளுவை என்று தெரிந்தது. கிழக்குச் சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் பெருங்கூட்டமாகக் கொரியாவுக்கு வரும் சிறிய வாத்து அது. கடைசி நான்கு நிமிடங்களுக்குப் பதிவு இல்லை. அந்த விமானிகள் நேராக இறங்கியிருந்தால் என்று பேசுவது எளிது. நான் அதைச் செய்ய மாட்டேன். ஐந்நூறு அடியில் இருந்த அவர்களுக்கும் சம்பீனோவில் ஏழு வினாடியில் இருந்தவருக்கும் முன்னால் இருந்த நிலைமை ஒன்று இல்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்வேன். அந்த மண்மேடு அங்கே இருந்திருக்கக் கூடாது. ஓடுபாதைக்கு அப்பால் நிறுத்தும் எந்தக் கம்பமும் மோதினால் ஒடிந்து வழிவிட வேண்டும் என்பதுதான் விமான நிலையம் கட்டுபவர்கள் அனைவரும் அறிந்த நியதி. பறவை விமானத்தை வயிற்றால் இறங்க வைத்திருக்கலாம்; அத்தனை பேரைக் கொன்றது கான்கிரீட். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

'எச்சரிக்கை கொடுத்தார்களே' என்று சிலர் கேட்பார்கள். எச்சரிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டின் பல விமான நிலையங்களில் வானிலையோடு சேர்த்து ஒலிபரப்பும் செய்தியில் 'பறவை நடமாட்டம் உண்டு' என்ற வாக்கியம் ஆண்டு முழுவதும் இடம்பெறுகிறது. எப்போதும் ஒலிக்கும் மணியை யாரும் கேட்பதில்லை. எந்தப் பறவை, எத்தனை, எந்த முனையில், எந்த உயரத்தில் என்று சொன்னால் விமானி ஐந்து நிமிடம் வட்டமடித்துக் காத்திருக்க முடியும். தூரத்தில், உயரத்தில் இருக்கும்போதே கூட்டம் தெரிந்துவிட்டால் இறங்குவதைத் தள்ளிப்போடுவது மிக நல்ல முடிவு. மோதலைத் தவிர்க்கத் தாமதிப்பது வேறு, மோதும் கணத்தில் எஞ்சினை விரட்டுவது வேறு.

இனி, பறவைகள் ஏன் அங்கே வருகின்றன என்பதைப் பார்ப்போம். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். ஏனென்றால் எஞ்சினைப் பறவைக்குத் தாங்கும்படி செய்வதற்கு ஓர் எல்லை இருக்கிறது. இறந்த பறவைகளைக் காற்றழுத்தப் பீரங்கியில் வைத்து, ஓடும் எஞ்சினுக்குள் சுட்டுச் சோதிக்கிறார்கள். நடுத்தர அளவுப் பறவைகளை விழுங்கினாலும் முக்கால் பங்கு விசையாவது மிஞ்ச வேண்டும், 20 நிமிடம் ஓட வேண்டும். பெரிய பறவை என்றால் எஞ்சின் நின்றுபோகலாம். உடைந்து சிதறி விமானத்தைத் துளைக்காமல், அடங்காமல் எரியாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. எஞ்சின் மூக்கில் வரைந்திருக்கும் வெள்ளைச் சுருள் பறவையைப் பயமுறுத்த என்று பலர் நம்புகிறார்கள். அது எஞ்சின் சுழல்வதைத் தரையில் நிற்கும் எங்களைப் போன்றவர்கள் கவனிப்பதற்காக. பறவை அதைப் பார்த்து விலகும் என்பதற்கு நிரூபணம் இல்லை.

விமான நிலையம் பறவைக்கு ஒரு சொர்க்கம். நகரத்தின் நடுவே அல்லது விளிம்பில், ஆள் நடமாட்டம் இல்லாத, நாயும் பூனையும் நுழையாத, நூற்றுக்கணக்கான ஏக்கர் புல்வெளி. செம்மூக்கு ஆட்காட்டி வெறும் தரையில் முட்டையிடும். அதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முட்டை இருக்கும் இடத்தை விட்டு அது நகரவும் நகராது. விமானம் வந்தாலும் கத்திக்கொண்டு எதிரே எழும். முதல் மழை பெய்த மாலையில் ஈசல் புறப்படும்போது போய்ப் பார்க்க வேண்டும். ஓடுபாதை ஓரப் புல்லிலிருந்து புகை போல ஈசல் எழும். அரை மணிக்குள் பருந்து, காகம், கொக்கு, உழவாரக் குருவி எல்லாம் அங்கே ஆஜர். இருட்டினால் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைத் தேடி வௌவால், எலியைத் தேடிக் கூகை. மழைக்காலத்தில் எங்கள் பிரிவில் எஞ்சின் பரிசோதனைக்கு ஆள் போதாமல் போகும்.

விரட்டுவதற்கு என்னென்னவோ செய்கிறார்கள். பட்டாசு, வாயுப் பீரங்கி, பளபளக்கும் நாடா, அபயக் குரலை ஒலிபரப்பும் ஒலிபெருக்கி, ஜீப்பில் சுற்றிவரும் பறவை விரட்டுநர். குறித்த நேரத்துக்கு ஒரு தரம் தானாக வெடிக்கும் பீரங்கியின் மேலேயே கொக்கு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சத்தம் மட்டும்தான், தீங்கு இல்லை என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. விரட்டுவது பறவைக்குப் புரியாத நேரத்தில், புரியாத இடத்திலிருந்து வர வேண்டும். அதற்கு மனிதன்தான் வேண்டும்; நல்ல சம்பளமும் பயிற்சியும் உள்ள மனிதன். வெயிலில் ஓடுபாதையோரம் நின்று பறவை விரட்டுபவர்தான் விமான நிலையத்திலேயே குறைந்த கூலி வாங்குபவர்களில் ஒருவராக இருப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

புல்லை எவ்வளவு உயரம் வளர்ப்பது என்பதும் பெரிய விவாதம். பிரிட்டனில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரவிடுகிறார்கள். தங்களைச் சுற்றிப் பார்க்க முடியாததால் பறவைகள் அதில் இறங்கத் தயங்குகின்றன. வெப்ப நாடுகளில் அதே உயரப் புல் எலியையும் பாம்பையும் வளர்க்கும். எலி பருந்தைக் கூட்டி வரும். ஆகவே ஓரிடத்து வழியை இன்னோரிடத்தில் அப்படியே நட முடியாது.

மதிற்சுவருக்கு உள்ளே எவ்வளவு செய்தாலும், வெளியே இறைச்சிக் கழிவும் குப்பையும் கிடந்தால் பயன் குறைவு. விமானம் ஓடுபாதையை நோக்கி மூன்று டிகிரிச் சரிவில் இறங்குகிறது. ஓடுபாதைக்குப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி அதன் உயரம் சுமார் அரைக் கிலோமீட்டர். குப்பைமேட்டுக்கு மேலே வெப்பக் காற்றில் வட்டமிடும் பருந்தின் உயரமும் அதுவே. இந்தியாவில் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆவது விதி, விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி விலங்குகளை அறுப்பதையும் தோலுரிப்பதையும் கழிவு கொட்டுவதையும் தடை செய்கிறது. விதி எழுதியவர்கள் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றைப் பாலத்தின் மேல் கடக்கிறது. நிலையத்தை ஒட்டிய பல்லாவரம் பெரிய ஏரியில் ஆண்டுக்கணக்கில் குப்பை கொட்டப்பட்டது. ஆற்றையும் ஏரியையும் யாரும் குறை சொல்ல முடியாது. குப்பையைச் சொல்லலாம்.

பத்துக் கிலோமீட்டரும் போதாத நாள்கள் உண்டு. 2025 ஜூன் 2 அன்று பாட்னாவிலிருந்து ராஞ்சிக்கு வந்த இண்டிகோ ஏர்பஸ் விமானத்தில், ராஞ்சிக்கு இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கும்போதே, மூவாயிரம் நாலாயிரம் அடி உயரத்தில் கழுகு மோதியது. முன்பகுதி நசுங்கியது. 175 பயணிகளும் ராஞ்சியில் பத்திரமாக இறங்கினார்கள்.

கடைசியாக, ரத்தான அந்தத் திரும்பும் விமானம். வரிசையில் நின்று சத்தம் போட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. பல முறை நேரில் கேட்டிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் விமானத்தின் மூக்கு, கண்ணாடி, இறக்கை முனை, காற்றின் வேகத்தை அளக்கும் குழாய்கள், சக்கரக் குழிகள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்ப்போம். அடுத்து எஞ்சின் வாய்க்குள் ஏறி, விசிறியைக் கையால் மெல்லச் சுழற்றி, ஒவ்வொரு தகட்டின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்ப்போம். சிறு நெளிவு என்றால் அளந்து, அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தால் அரம் போட்டுச் சமன் செய்யலாம். தகட்டையே மாற்ற வேண்டும் என்றால் எடை பார்த்து இணையாக மாற்ற வேண்டும். நடுக்கருவுக்குள் இறகோ கறையோ தெரிந்தால் போரோஸ்கோப்பை உள்ளே விட வேண்டும்; மெல்லிய குழாயின் நுனியில் கேமரா, அதை வைத்துக் கம்ப்ரசரின் ஒவ்வொரு வரிசையையும் பார்ப்பது. ஒரு எஞ்சினுக்கே பல மணி நேரம் ஆகும்.

உங்களுக்கு வந்த கருகல் வாடை இதில் முக்கியமான தடயம். கேபினுக்குள் நீங்கள் சுவாசிக்கும் காற்று பெரும்பாலான விமானங்களில் கம்ப்ரசரிலிருந்து எடுக்கப்படுகிறது. வாடை உள்ளே வந்தது என்றால் பறவை வெளிச்சுற்றோடு போகவில்லை, நடுக்கருவுக்குள் போயிருக்கிறது. அந்த ஒரு தகவல் போதும், போரோஸ்கோப் பார்க்காமல் எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

சோதனையின்போது கிடைக்கும் இறகையும் திசுவையும் ஓர் உறையில் போட்டு, நாள், இடம், விமான எண் எழுதி வைப்போம். 1960-இல் பாஸ்டனில் விழுந்த எலக்ட்ராவின் எஞ்சினில் கிடைத்த இறகுத் துணுக்குகள் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. ராக்ஸி லேபோர்ன் என்ற பெண்மணி இறகின் நுண்ணிழைகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பறவை இனத்தைச் சொல்லும் கலையை அங்கேதான் வளர்த்தெடுத்தார். இன்று மரபணுவும் துணைக்கு வந்துவிட்டது. கோயம்புத்தூர் ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்திலும் இப்படி இனம் காணும் வேலை நடக்கிறது. ஆட்காட்டி என்று தெரிந்தால் புல்லைக் கவனிக்க வேண்டும். உழவாரக் குருவி என்றால் பூச்சியை. கரும்பருந்து என்றால் எந்தத் தெருவில் இறைச்சிக் கழிவு கொட்டப்படுகிறது என்று தேடிப் போக வேண்டும்.

அந்தக் கூட்டத்தை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். வெள்ளையா, கறுப்பா, காக்கை அளவா, குருவி அளவா, நூறா, பத்தா, எந்தப் பக்கத்து எஞ்சினை நோக்கிப் போனது என்பதெல்லாம் உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும். அந்த விமான நிறுவனத்துக்கு அதை எழுதி அனுப்புங்கள். இனி ஒரு முறை இப்படி நேர்ந்தால் இறங்கும்போதே வாசலில் நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். கீழே டார்ச்சோடு காத்திருப்பவருக்கு எந்த எஞ்சினை முதலில் திறப்பது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.